கம்பு மட்டும் வந்து சேர்ந்த காலை

2004-ஆம் ஆண்டு, புரட்டாசி மாதக் கடைசி. கோவில்பட்டியில் ஒரு விதைக் கடை. அன்று காலை நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. கிழக்கே, விளாத்திகுளம் பக்கம் வானம் கறுத்திருந்தது.
2. புதூர் பக்கத்துக் கிராமங்களுக்கு விதை ஏற்றிப் போக லாரி வந்து வாசலில் நின்றது.
3. கடையின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டைகள் ஊர்வாரியாகக் கட்டித் தயாராக இருந்தன.
4. எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான் என்பதால், எங்கள் வீட்டுக்கு என்ன விதை போகிறது என்று பார்க்கும் ஆசையில் கம்ப்யூட்டரில் அம்மாவின் பெயரைத் தட்டினேன்.
5. கம்பு என்று வந்தது.
6. அம்மா கேட்டிருந்தது கம்பு, உளுந்து, மல்லி.

நான் அந்தக் கடையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சென்னைக் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த நேரம். கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவள் வேலையை விட்டு நின்றுவிட, அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொன்னேன்.

முந்தைய வருடம்வரை யாருக்கு என்ன விதை என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பார்கள். அந்த வருடம்தான் அண்ணாச்சி, சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியிடம் சொல்லி ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதி வாங்கியிருந்தார். கடையில் இருந்தவை இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் சர்வர் ஓடும். இரண்டிலும் பிரவுசரைத் திறந்தால் ஒரு பக்கம் வரும். அதில் விவசாயியின் பெயர், ஊர், அதற்குக் கீழே பயிர்களின் பெயரும் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களும் இருக்கும். ஆவணி மாதம் முழுக்க ஆட்கள் வந்து சொல்லச் சொல்ல, பழைய பெண் கட்டங்களில் டிக் அடித்திருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் எத்தனை ஏக்கர், வழக்கமாக எவ்வளவு வாங்குவார் என்ற விவரம் ஏற்கெனவே உள்ளே இருந்ததால், பயிரைச் சொன்னால் போதும். ஒவ்வொரு மூட்டையிலும் ஒட்டப் பெயர்ச் சீட்டும், ஒவ்வொரு ஊருக்கும் மொத்த அளவும் அச்சாகி வந்துவிடும். கிட்டங்கியில் அதை வைத்துத்தான் அளந்து கட்டுவார்கள்.

கரிசல் மண்ணைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மழை விழுந்துவிட்டால் எங்கள் பக்கத்து மண் பசை மாதிரி ஆகிவிடும். செருப்போடு நடந்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும். உள்ளூர்ப் பாதைகளில் லாரி போகவே முடியாது. பாதை காய்வதற்குள் விதைக்கிற ஈரமும் போய்விடும். அதனால் மழைக்கு முன்பே விதை வீட்டுக்குள் இருக்க வேண்டும். அன்று லாரி போகாவிட்டால், அல்லது தப்பான விதையோடு போனால், புதூர் பக்கத்துக் கிராமங்களுக்கு அந்த வருட மழை வீண். எங்கள் வீட்டுக்கும்தான்.

கிட்டங்கியில் மூட்டை கட்டும் அக்கா ஒருவர் இருந்தார். எதைச் சொன்னாலும் ஒரு கேலி வைத்துத்தான் சொல்வார். முந்தைய நாளே அவர், "இந்த வருசம் புதூர்க்காரவிய எல்லாரும் மூணு வேளையும் கம்பங்கூழுதான் குடிக்கப் போறாவ போல. உளுந்து மூட்டையைத் தொடவே ஆளைக் காணோம்" என்று சிரித்திருந்தார். அண்ணாச்சியும், "கம்ப்யூட்டரு சொன்னா சரியாத்தாம்ளா இருக்கும்" என்று விட்டுவிட்டார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. திரையில் அம்மாவின் பெயருக்கு நேரே கம்பு மட்டும் நின்றபோதுதான் அந்தச் சிரிப்பு திரும்பக் காதில் விழுந்தது.

அம்மா ஒரு பயிர் மட்டும் விதைத்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் யாருமே அப்படி விதைப்பதில்லை. மழை எப்படிப் பெய்யும் என்று யாருக்கும் தெரியாது. குறைவாகப் பெய்தால் கம்பு நிற்கும், நடுத்தரமாகப் பெய்தால் உளுந்து காய்க்கும், பின்மழையும் கிடைத்தால் மல்லி வரும். ஒரே நிலத்தில் எல்லாவற்றையும் கலந்து விதைத்து வைப்பதுதான் மழையை மட்டும் நம்புகிற மானாவாரிக்காரர்களின் வழக்கம்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருடைய பெயரையும் தட்டிப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே ஒரு பயிர்தான். பக்கத்து ஊரும் அப்படியே.

சும்மா ஒரு பெயரைக் கொடுத்து, கம்பு, உளுந்து, மல்லி மூன்றையும் டிக் அடித்து அனுப்பினேன். பிரவுசரின் மேலே, முகவரி எழுதுகிற பட்டையில் நீளமாக ஒரு வரி வந்தது. அதன் வாலில் இப்படி இருந்தது: payir=kambu&payir=ulundhu&payir=malli.

மூன்றும் போயிருக்கின்றன! ஆனால் சேமித்ததைத் திறந்தால் கம்பு மட்டும்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயத்தில் இல்லை. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்த ஒரு பக்கம் உயிரோடு எழுந்து என் முன்னால் நின்றது போல இருந்தது. பிரவுசர் இப்படி அனுப்பும் பெயரையும் மதிப்பையும்தான் பாராமீட்டர் என்பார்கள். ஒரே பெயரில் மூன்று மதிப்புகள் வரலாம், தப்பில்லை. ஆனால் வாங்கிக்கொள்கிற இடத்தில் 'பயிர்' என்று ஒரே ஓர் இருக்கை போட்டிருந்தால், அந்தப் புரோகிராமுக்கு அடித்தளமாக இருந்த ஃபிரேம்வொர்க் முதலில் வந்ததை உட்கார வைத்துவிட்டு மற்றதை வெளியே விட்டுவிடும். பிழை என்று கத்தாது, ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாது. பக்கத்தில் கம்பு முதலில் இருந்தது. அதனால் கம்பு கேட்டவர்களுக்கெல்லாம் கம்பு மட்டும். கம்பு கேட்காதவர்களுக்கு அடுத்து இருந்த சோளம் மட்டும், அதையும் கேட்காதவர்களுக்குப் பருத்தி மட்டும். உளுந்தும் மல்லியும் வரிசையில் பின்னால் இருந்ததால் வாசலிலேயே நின்றுவிட்டன.

ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"யம்மா, அப்ப இந்த மூட்டை எல்லாம்?"

"பாதிதான் அண்ணாச்சி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு விதைதான் கட்டியிருக்கு."

அவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "பேசாம பேப்பரை எடுத்து எல்லாத்தையும் கையால எழுதிருவமா?"

எழுதலாம். ஆனால் இத்தனை ஊருக்கும் பெயர்ச் சீட்டு எழுதி, அளவு கணக்குப் போட்டு, மொத்தம் கூட்டி முடிப்பதற்குள் மழை வந்துவிடும். புரோகிராமைத் திருத்திவிட்டால், நாம் டிக் அடிக்க அடிக்க அது சீட்டு அடித்துக்கொண்டே இருக்கும். அதைச் சொன்னேன்.

"உனக்கு அது தெரியுமா?" என்றார்.

படித்திருந்தேன். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு புரோகிராமை என் கையால் தொட்டதில்லை. "தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் லாரி டிரைவரைக் கூப்பிட்டு, "ஏலே, போயி நிதானமா சாப்பிட்டுட்டு வா. அவசரமே இல்ல, ரெண்டு ஆம்லெட்டு சேத்துப் போடச் சொல்லு" என்று அனுப்பினார். பிறகு என்னிடம் திரும்பி, "அவன் கை கழுவுத வரைக்கும் உனக்கு நேரம்" என்றார்.

முதலில் பழைய விவரத்தை மீட்க முடியுமா என்று பார்த்தேன். பிரவுசரில் வந்த அந்த நீளமான முகவரி வரிகளை எல்லாம் சர்வர் ஒரு கோப்பில் எழுதி வைக்கும் வசதி உண்டு. அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆக, ஆவணியில் அவர்கள் சொன்ன மற்ற பயிர்கள் எங்கேயும் இல்லை. ஆட்களையே திரும்பக் கேட்டாக வேண்டும்.

அப்போதுதான் கடை முன்னால் ஒரு ஆட்டோ மைக்செட்டோடு நின்றது. புதூர் பக்கம் கண் சிகிச்சை முகாமுக்கு விளம்பரம் சொல்லப் போகிறவர், டீ குடிக்க இறங்கியிருந்தார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சி அவர் டீயை முடிக்கும் முன்பே பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

"தம்பி, நீ அங்கனதான போற? ஊருக்கு ஊரு எங்க சேதியையும் ரெண்டு வார்த்தை சொல்லிரு. விதைக்குச் சொன்னவிய எல்லாரும் அந்தந்த ஊரு போனுக்கு வந்து, கடைக்குப் பேசணும்னு."

"எனக்கு விளம்பரம் கொடுத்தவரு கோவிச்சுக்கிடுவாரே அண்ணாச்சி?"

"கண்ணு நல்லா இருக்கணும்னா வயித்துக்கும் வேணும்லா. போ தம்பி."

அவர் சிரித்துவிட்டார். தம்ளரை வைத்துவிட்டு, அங்கேயே மைக்கைத் தட்டி ஒத்திகை பார்த்தார். "கண் பார்வை மங்கலா இருக்கிற பெரியோர்களே, விதைக்குச் சொல்லி வைத்த விவசாயப் பெருமக்களே..." அந்த ஆட்டோ கிளம்பிப் போனபோது தெருவே சிரித்தது.

நான் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டேன். புரோகிராம் எழுதியவர் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு வயல்ல ஒரு பயிர்தானே மேடம் போடுவாங்க?" என்றார். குரலில் உண்மையான ஆச்சரியம்.

"உங்களுக்கு எந்த ஊர் சார்?"

"தஞ்சாவூர்ப் பக்கம். எங்கப்பா விவசாயம்தாங்க. எங்க ஊர்ல வயல்னா நெல்லு. குறுவை வச்சா குறுவை, சம்பா வச்சா சம்பா. ரெண்டையும் சேத்தா வைப்பாங்க?"

நான் அதுவரை, வயலையே பார்க்காத பட்டணத்து ஆள் யாரோ செய்த தப்பு என்று நினைத்திருந்தேன். இவர் என்னைப் போலவே வயல்காட்டில் வளர்ந்தவர். அவர் பார்த்த வயலில் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். கட்டங்களை வைத்ததுகூட, பக்கம் அழகாக இருக்கட்டும் என்றுதானாம். சோதித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில்தான் டிக் அடித்திருக்கிறார்.

"நான் கிளம்பி வந்தாலும் நாளைக்குக் காலையிலதான் வர முடியும். நீங்களே மாத்துங்க. சோர்ஸ் கோடு அதே மெஷின்ல டி டிரைவ்ல இருக்கு" என்றார்.

"நானா?"

"தப்பு எங்கன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? மாத்துங்க. நான் போன்லயே இருக்கேன்."

அன்றுவரை என்னை நம்பி யாரும் ஒரு சர்வரை ஒப்படைத்ததில்லை. கோப்பைத் திறந்தேன். படிவத்தில் வருவதை வாங்கி வைக்கும் பகுதியில், அதாவது அதன் கிளாஸில், அந்த வரி இருந்தது: String payir. நான் செய்ய வேண்டியது மூன்று காரியங்கள். String என்பதை String[] ஆக்க வேண்டும், அதாவது ஓர் இருக்கையைப் பெஞ்சாக்க வேண்டும். அதைக் கொடுக்கிற, வாங்குகிற இரண்டு மெத்தடுகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். சேமிக்கிற இடத்தில், ஒரு தடவை எழுதுவதற்குப் பதிலாக, வந்த ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தடவை எழுதும்படி ஒரு லூப் போட வேண்டும்.

மாற்றியதை ஓடக்கூடிய வடிவத்துக்கு முதல் முறை கம்பைல் செய்தபோது திரை முழுக்கப் பிழைகள் கொட்டின. பார்த்தால், தேவையான நூலகக் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன். சொன்னதும் பிழை எல்லாம் மறைந்தது.

"ஒண்ணு மறந்துடாதீங்க. எதையுமே டிக் பண்ணலைன்னா அந்தப் பாராமீட்டரே வராது. வெறும் null-தான் இருக்கும். லூப் அங்க விழுந்துடும்" என்றார் தஞ்சாவூர்க்காரர்.

"விதைக்கடைக்குப் பேசுறவங்க எதுவுமே வேண்டாம்னு சொல்வாங்களா சார்?"

"ஒரு பயிர்தான்னு நான் நெனச்ச மாதிரிதாங்க அதுவும்."

null வந்தால் லூப்புக்குள் போகாதே என்று ஒரு வரி சேர்த்தேன்.

சர்வரை நிறுத்தி, மறுபடி கிளப்பினேன். கறுப்புத் திரையில் வரிகள் ஓடி நின்றன. அம்மாவின் பெயரைத் தட்டி, கம்பு, உளுந்து, மல்லி மூன்றையும் டிக் அடித்து அனுப்பினேன். சேமித்ததைத் திறந்தேன்.

கம்பு.
உளுந்து.
மல்லி.

"வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா கையில் இருந்த சாக்கு ஊசியைக் கீழே போட்டுவிட்டார். "ஏட்டி, மெதுவா! கம்ப்யூட்டரு பயந்து மறுபடியும் கம்புன்னு சொல்லிறப் போவுது" என்றார். டெலிபோனில் தஞ்சாவூர்க்காரர் கை தட்டுவது கேட்டது. லைன் வேண்டுமே என்று நன்றி சொல்லி வைத்தேன். வைத்த கை எடுக்கவில்லை, போன் அடித்தது. மைக்செட் ஆட்டோ முதல் ஊருக்குப் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் பரபரப்பும் சேர்ந்து வரும். அந்தக் கிராமங்களில் பெரும்பாலும் ஊருக்கு ஒரு போன்தான், ஒரு பலசரக்குக் கடையில் இருக்கும். ஊரே அதைச் சுற்றி நின்றது. அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி உரக்கச் சொல்வார். நான் டிக் அடிப்பேன். அச்சாகி வரும் சீட்டை அண்ணாச்சியே கிழித்துக் கிட்டங்கி ஆட்களிடம் கொடுப்பார்; அவர்கள் கட்டிய மூட்டையைப் பிரித்து, விட்டுப்போன விதையையும் சேர்த்துக் கட்டுவார்கள்.

"சோளம், பாசிப்பயறு, அப்புறம் வரப்போரத்துக்கு ஆமணக்கு... மதினி, பக்கத்துல யாரு கத்துதா? அவியளுக்கு முறை வரும், நிக்கச் சொல்லுங்க!"

"பருத்தியும் உளுந்தும். ஏன் மாமா, போன வருசம் மல்லி போட்டீங்கள்லா? ஓ, வீட்டுல கேட்டுட்டா வாரீங்க? சீக்கிரம் கேளுங்க, மழை உங்க வீட்டம்மாவுக்காவக் காத்துக்கிட்டு இருக்காது!"

நடுவில் ஒரு பெரியவர் பேசினார். ஆடு வளர்ப்பவர். ஆவணியில் விதைக்குச் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் உழவு மாட்டை விற்றுவிட்டதால், இந்த வருடம் காட்டைத் தரிசாகப் போட்டு ஆட்டை மட்டும் மேய்க்கப் போகிறாராம். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் தாயி. சொல்லி வச்சது மனசுல கெடந்துச்சு, அதான் கூப்பிட்டேன்" என்று சொன்னாராம். அக்கா அதைச் சொன்னபோது கேலி எதுவும் வைக்கவில்லை. நான் அவர் பெயரைத் தட்டி, ஒரு கட்டத்திலும் டிக் அடிக்காமல் அனுப்பினேன். சர்வர் விழவில்லை. அவர் பெயர் நின்றது, அதற்கு நேரே எதுவும் இல்லாமல்.

அந்த ஒரு வரியை நான் சேர்க்காமல் விட்டிருந்தால் புரோகிராம் அந்த இடத்தில் நின்றிருக்கும்.

டிரைவர் சாப்பிட்டு, கை கழுவி, வாசலில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டார். அண்ணாச்சி அவரை எழுப்பவில்லை. கடைசி ஊர் பேசி முடித்து, கடைசி மூட்டை ஏறியதும்தான் தட்டி எழுப்பினார். ஊர் ஊராக மூட்டையைச் சரிபார்த்து இறக்க அக்காவையும் என்னையும் லாரியிலேயே ஏற்றிவிட்டார். கையில் கடம்பூர் போளிப் பொட்டலம் ஒன்றைத் திணித்து, "வழியில சாப்பிடுங்க. மழைக்கு முந்திரணும்" என்றார்.

எட்டயபுரம் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் ஏற்கெனவே பாதையில் நின்றார்கள். பெயரைப் படிக்கப் படிக்க மூட்டை இறங்கியது. கடைசிக்கு முந்தைய ஊர் எங்கள் ஊர். அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். மூட்டையை அங்கேயே அவிழ்த்தாள். உள்ளே மூன்று சின்னப் பைகள். மூன்றிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டு, மல்லியை மட்டும் உள்ளங்கையில் தேய்த்து மோந்தாள்.

"ஏட்டி, மைக்செட்டுக்காரன் கண்ணு டாக்டரு வாராருன்னான், அப்புறம் விதைன்னான். என்னமோ ஏதோன்னு ஓடுனோம். எல்லாம் வந்துட்டு என்ன?"

"வந்துட்டும்மா" என்றேன். நடந்ததைச் சொல்ல நேரமில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

கடைசி ஊரில் இறக்கிவிட்டு லாரி தார்ச் சாலையில் ஏறும்போது முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. பிறகு ஒன்றும் தெரியாத அளவுக்கு அடித்தது. அக்காவும் நானும் போளியைத் தின்றுகொண்டே அந்த மழையைப் பார்த்தோம். டிரைவர், "இதுக்குத்தான் என்னை இவ்வளவு சாப்பிட வச்சாரா?" என்று கேட்க, அக்கா சிரித்த சிரிப்பில் லாரியே குலுங்கியது.

அந்தப் பருவத்தில் எங்கள் நிலத்தில் உளுந்து நன்றாக வந்தது, மல்லி சுமாராக. கம்பு கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை கூடிப்போய் வீணானது. கம்பை மட்டும் நம்பி விதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அவள்தான் கம்பை மட்டும் நம்பி விதைத்ததே இல்லையே. நான்தான் கேட்டுக்கொள்வேன்.

இப்போது சென்னையில் வேலை செய்கிறேன். யாராவது ஒரு படிவத்தை வடிவமைத்து என்னிடம் காட்டினால், நான் கேட்கிற முதல் கேள்வி, "இதில் ஒன்றுதான் வருமா, பல வருமா, ஒன்றுமே வராமலும் போகுமா?" என்பதுதான். கூட வேலை செய்கிறவர்களுக்கு இது என் வழக்கமான கேள்வி, அவ்வளவுதான். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம், எனக்குத் தெரிந்த வயல் ஒன்றுதான், தெரியாத வயல்கள் எத்தனையோ இருக்கின்றன என்பது நினைவுக்கு வருகிறது. அண்ணாச்சி கடையில் அந்தப் புரோகிராம் இன்னும் ஓடுகிறது. நான் போட்ட அந்த இரண்டு அடைப்புக்குறிகள் அதில் அப்படியே இருக்கின்றன. போன வாரம் அம்மா போன் செய்தாள். கம்பு, உளுந்து, மல்லி மூன்றும் வீட்டுக்கு வந்துவிட்டன, மழைதான் இன்னும் வரவில்லை.